விருந்துக் குடம்

திருவிழா மலருக்கு நம் ஊரைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். அமைவிடம், வரலாறு, வசதிகள் என்று மூன்று தலைப்பும் நீங்களே போட்டு அனுப்பிவிட்டீர்கள். நம் செட்டில் எல்லோருக்கும் அறுபது தாண்டிவிட்டது. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளிடம் வந்து ஊர் வரலாறு கேட்கிறீர்கள். வேறு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

என் மகள் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் நர்ஸாக இருக்கிறாள். நீங்கள் கேட்டதைச் சொன்னதும், அவள் இருக்கும் ஊரைப் பற்றி யாரோ எழுதி வைத்திருந்த பக்கம் ஒன்றைப் போனில் வாசித்து, தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். அங்கேயும் இதே மூன்று தலைப்புகள்தான். கிழக்கே ஓடை, மேற்கே மேடு, நடுவில் புல்வெளி. எப்போதோ கட்டிய கல் கோயில். வசதிகள் என்று பார்த்தால் ஒரு மதுக்கடை, ஒரு தபால் பெட்டி, வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு பஸ். அவ்வளவையும் கேட்டுவிட்டு, “தண்ணிக்கு என்ன செய்யுதாங்களாம்?” என்றேன். அவள் சிரித்தாள். “தண்ணியப் பத்தி ஒரு வரியும் இல்லம்மா. இங்க யாரும் அதை எழுத மாட்டாங்க” என்றாள்.

அன்றைக்கு முழுவதும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. நம் ஊரைப் பற்றி ஏற்கெனவே ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார். அந்த எழுத்தால் என்ன நடந்தது என்பது உங்களுக்கும் தெரியும், பாதி மட்டும். மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது. அதை எழுதாமல் இந்த நாலு பக்கத்தை நிரப்ப என்னால் முடியாது.

அமைவிடத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கிழக்கே கடல். வடக்கே உப்பளம். மேற்கே செம்மணல் மேடாகக் கிடக்கும் தேரி, அதன் ஓரமாக உடை மரங்களும் பனையும். தெற்கே போனால் ஆறு கடலில் விழும் இடம், ஆனால் அந்த ஆறு நமக்கு எட்டாது. கோயிலுக்குப் பக்கத்தில் வளையம் கட்டிச் சிமெண்ட் பூசிய கிணறு ஒன்று உண்டு. எட்டிப் பார்த்தால் தளதளவென்று நிறைந்து கிடக்கும். துவைக்கத்தான் ஆகும், சோப்பு நுரைக்காது. குடிக்கிற தண்ணீர் தேரி ஓரத்து ஊற்றில். மணலில் ஆள் உயரம் தோண்டிய குழி அது. சிரட்டையால் மோந்து ஊற்றிவிட்டு, திரும்பச் சுரக்கும் வரை குழிக்குள்ளேயே குத்தவைத்துக் காத்திருக்க வேண்டும். அதுவும் சவர்த் தண்ணீர்தான். மேற்கேயிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இன்னும் கரிக்கும். அந்தக் காற்றில் சோற்றில் மணல் கடிபட்டதும், குடத்து வாயைத் துணியால் கட்டிக்கொண்டு நம் அம்மாமார் வரிசையாக நடந்து வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

நல்ல தண்ணீர் என்றால் நமக்கு ஆற்றுத் தண்ணீர். ஆத்தூர்ப் பக்கமிருந்து பீப்பாய் வண்டியில் வரும். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும்தான் வண்டி சொல்லுவார்கள். அப்போது வீட்டுக்கு ஒரு செம்புக் குடம் நிரப்பி, துணி கட்டி, தட்டு போட்டு மூடி வைப்பார்கள். அதுதான் விருந்துக் குடம். வெளியூர் ஆள் வந்தால் அதிலிருந்து ஒரு தம்ளர். சாகக் கிடக்கிறவர்களுக்கு ஒரு மடக்கு. வீட்டுப் பிள்ளைகள் தொட்டால் கை முறியும். வந்தவர்களிடம் இது எங்கிருந்து வந்த தண்ணீர் என்று சொல்லவும் கூடாது. எங்கள் வீட்டுக் குடம் குசினிக்கும் முன்னறைக்கும் நடுவிலிருந்த இடைகழியில், ஜன்னலுக்குக் கீழே இருந்தது. அடியில் ஒரு நசுங்கல். அம்மாவுக்குப் பிறகு அது யார் வீட்டுக்குப் போனது என்று தெரியவில்லை.

தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. எனக்குப் பத்து வயது. அண்ணன் தோணியில் கொழும்புக்கும் கொச்சிக்கும் போய்வந்துகொண்டிருந்தான். அதற்கு முந்திய தை மாதம்தான் அவனுக்குக் கல்யாணம் ஆனது. மதினி ஆத்தூர்க்காரி. வீட்டுக்குப் பின்னால் வெற்றிலைக் கொடிக்கால், அதைத் தாண்டினால் ஆறு. ஆற்றில் முங்கிக் குளித்து வளர்ந்தவள். நம் ஊர்த் தண்ணீரில் தலை குளித்த மூன்றாம் மாதமே கொத்துக் கொத்தாக முடி உதிர்ந்தது. அவள் அழவில்லை. உதிர்ந்ததைச் சுருட்டி ஓலைப் பெட்டியில் போட்டு வைத்தாள். “பைப்பு வந்துட்டா எல்லாம் சரியாயிரும்னு உங்க அண்ணன் சொல்லுதாரு” என்று என்னிடம் சொல்வாள்.

பைப்பு வரும் என்று பேச்சு இருந்தது உண்மை. ஆற்றுத் தண்ணீரைக் கடலோர ஊர்களுக்குக் குழாயில் கொண்டுவரப் போகிறார்கள், அதற்கு ஊர் ஊராகப் பார்த்து எழுதிக்கொள்ள ஒரு ஆபீசர் வருகிறார் என்று பள்ளிக்கூடத்து வாத்தியார் செய்தி கொண்டுவந்தார். அப்பா அப்போது ஊர்க் கமிட்டித் தலைவர். எங்கள் வீட்டில்தான் மேசை இருந்தது என்பதால், அங்கே உட்கார்ந்துதான் வாத்தியார் மனு எழுதினார். அமைவிடம், வரலாறு, வசதிகள். ஆமாம், அப்போதும் இந்த மூன்றுதான்.

வரலாறு மூன்று பக்கம் ஓடியது. முத்துக் குளிப்பு, சங்கு குளிப்பு, கப்பலில் வந்த சாமியார்கள், எந்த ராஜாவுக்கு நம் ஊர் முத்து போனது என்பதெல்லாம். வாத்தியார் வாசிக்க வாசிக்க அப்பாவின் நெஞ்சு நிமிர்ந்துகொண்டே போனது. கடைசியில் வசதிகளுக்கு வந்தபோது வாத்தியார் பேனாவை வைத்துவிட்டார்.

“அண்ணாச்சி, தண்ணி சவர்னு எழுதிரட்டுமா?”

“அது வேண்டாம் வாத்தியாரே. அதை எழுத்துல குடுத்தா நாளைக்கு நம்ம பயலுவளுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? பேர் பெற்ற ஊரு, ஊரு மரியாதைக்குத் தக்கன குழாய் வேணும்னு எழுதும்.”

வாத்தியார் அப்படியே எழுதினார். இரண்டு பேருமே நல்ல மனிதர்கள், படித்தவர்கள். தாகத்துக்குத் தண்ணீர் கேட்கப் போகிறவர்கள் தாகம் என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டார்கள் என்பதை இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அலுப்பாக இருக்கிறது.

ஆபீசர் வருவதற்கு முந்திய நாலு நாளும் மறைமாவட்டத்து மேற்றிராணியார் வருகைக்குச் செய்வதை எல்லாம் செய்தோம். கோயிலுக்கு வெள்ளையடித்தோம். கடற்கரையிலிருந்து புது மணல் அள்ளி வந்து தெருவில் பரப்பினோம். காய்ந்த கருவாட்டை எல்லாம் ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். பீப்பாய் வண்டியும் வந்தது. திருவிழாவும் கல்யாணமும் இல்லாத நாளில் அது வந்தது அந்த ஒரு தடவைதான்.

அன்று காலை குசினியில் அம்மா பெட்டியைத் திறந்து, அப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்த பூப் போட்ட கண்ணாடித் தம்ளர்களை எடுத்துத் துடைத்தாள். ஆறு தம்ளர்கள். ஒன்றில் விளிம்பு லேசாக உடைந்திருக்கும். அடுப்புக்கு முன்னால் மீன் கழுவிக்கொண்டிருந்த மதினி தலை நிமிராமல் சொன்னாள்.

“அத்தை, நாம குடிக்கதையே அவரும் குடிக்கட்டும். வாயில வச்சாத்தான தெரியும்.”

அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. “வீட்டுக்கு வந்த மனுசனுக்குச் சவர்த் தண்ணியக் குடுக்கவா? ஊரு காறித் துப்பும். உங்க ஊருல வேணா அப்படிக் குடுப்பாவளா இருக்கும்.”

“எங்க ஊருல சவர்த் தண்ணியே கெடையாது அத்தை.”

மதினிக்கு அப்போது மூன்று மாதம். மசக்கையில் சவர்த் தண்ணீர் வயிற்றில் நிற்காமல், குடித்ததும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் விருந்துக் குடம் நிறைந்திருந்தது. அதிலிருந்து அவளுக்கு ஒரு வாய் கொடுக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆபீசர் மத்தியானம் ஜீப்பில் வந்தார். கூடவே எழுதுவதற்கு ஒரு ஆள். மாலை, பள்ளிப் பிள்ளைகளின் வரவேற்பு எல்லாம் முடிந்து கோயிலைக் காட்டினார்கள், கிணற்றைக் காட்டினார்கள். ஆபீசர் எட்டிப் பார்த்து, நல்லா ஊறியிருக்கே என்றார். யாரும் மறுத்துச் சொல்லவில்லை. பிறகு எங்கள் வீட்டு முன்னறையில் வந்து உட்கார்ந்தார்கள். அப்பாவும் வாத்தியாரும் மனுவில் ஊரார் கையெழுத்து இரண்டு விட்டுப்போனது என்று வாங்கி வர வெளியே போனார்கள். அம்மா சாப்பாட்டுக்குப் பீங்கான் தட்டு இரவல் வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். ஆபீசர் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

நான் குசினிக்கு ஓடினேன். மதினி கொழும்புத் தம்ளர் ஒன்றை எடுத்து, நாங்கள் தினமும் குடிக்கிற பானையிலிருந்து ஊற்றுத் தண்ணீரை மோந்து நிரப்பினாள். வெளியே ஈரம் போகத் தன் முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தாள்.

“இதைக் கொண்டு போய்க் குடு. வழியில எங்கயும் நிக்காத.”

நான் நின்றேன். இடைகழியில், குடத்துக்குப் பக்கத்தில். அவர் இதைக் குடித்து முகம் சுளிப்பதை நினைத்துப் பார்த்தேன். பாலிஷ் போட்ட ஷூவும், சட்டைப் பையில் இரண்டு பேனாவும், என் வகுப்பைக் கேட்டுவிட்டு ‘கெட்டிக்காரி’ என்று சொன்ன வாயும். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைத் தவிர வேறு காரணம் எதுவும் கிடையாது, எவ்வளவு தேடினாலும் கிடைக்கவில்லை. தம்ளர்த் தண்ணீரை ஜன்னல் வழியே முருங்கை மூட்டில் ஊற்றிவிட்டு, துணியை அவிழ்த்து, விருந்துக் குடத்திலிருந்து நிரப்பினேன். தட்டைச் சத்தம் வராமல் மூடினேன்.

ஆபீசர் ஒரே மூச்சில் குடித்தார். தம்ளரை வைத்துவிட்டு, “எந்தத் தண்ணிம்மா இது?” என்றார்.

“எங்க ஊரு கெணத்துத் தண்ணி சார்.”

அவர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார். “குடிதண்ணி நல்லா இருக்கு. எழுதிக்கோ.” அந்த ஆள் எழுதினார். பேனா ஒரு வரி ஓடி நின்றது. அவ்வளவுதான்.

காலித் தம்ளரோடு திரும்பியபோது மதினி குசினி வாசலிலேயே நின்றாள்.

“குடிச்சாரா?”

“குடிச்சாரு.”

“மொகம் எப்படி இருந்திச்சு?”

“சுளிச்சாரு மதினி.”

அவள் அன்றைக்குச் சிரித்த மாதிரி நம் ஊரில் அதற்கு முன்னால் சிரித்து நான் பார்த்ததில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, “ஒனக்குப் பைப்புத் தண்ணிதான்” என்றாள். என்னிடம் சொல்லவில்லை, உள்ளே இருந்ததிடம் சொன்னாள்.

மறுநாளே ஊற்றுக் குழியில் வைத்துப் பெண்களிடம் அவள் பெருமையாகச் சொல்லிவிட்டாள், ஆபீசருக்குச் சவர்த் தண்ணீர்தான் கொடுத்தனுப்பினேன் என்று. அது அம்மா காதுக்கு வந்தது. அம்மா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஆனால் நடந்தது நடந்துவிட்டது, ஒருவேளை நல்லதுக்காகவும் இருக்கலாம் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

கச்சான் ஓய்ந்து மழைக்கு மேகம் கூடுகிற நாட்களில் வாத்தியார் தூத்துக்குடிக்குப் போய்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு வந்தார். வடக்கே நமக்கு அடுத்த ஊர் இருந்தது. தெற்கே இருந்த ஊரும் இருந்தது. நம் ஊர் பெயர் இல்லை. காரணம் எதுவும் போடவில்லை, கேட்டதற்கு ஆபீசர் மாற்றலாகிப் போய்விட்டார் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

“என்ன கொறை வச்சோம்? மாலை போட்டோம். கறியும் மீனுமாச் சோறு போட்டோம்” என்று அப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். பதில் ஊற்றுக் குழியிலிருந்து வந்தது. வீட்டுக்கு வந்த ஆபீசருக்குச் சவர்த் தண்ணீர் கொடுத்தால் அவர் கோபித்துக்கொள்ளாமல் என்ன செய்வார்? அசலூர்க்காரி நம் ஊர் மானத்தையும் கெடுத்தாள், பைப்பையும் கெடுத்தாள். ஒரு வாரத்துக்குள் சின்னப் பிள்ளை முதற்கொண்டு அதையே சொன்னது. நாமும் சொன்னோம். கிட்டி விளையாடும்போது தோற்ற ஆளை ‘சவர்த் தண்ணி’ என்று கூப்பிட்டோம், மறந்திருக்க மாட்டீர்கள்.

ஊருக்குப் பொதுவில் தப்புச் செய்தவர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று ஊரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அப்போது நம் வழக்கம். தலைவர் வீட்டு மருமகளுக்கு மட்டும் தனி நியாயமா என்று கேட்பார்கள் என்பதால் அப்பாவால் தட்ட முடியவில்லை. அண்ணன் அந்த வாரம்தான் தோணியிலிருந்து இறங்கியிருந்தான். மதினி அவனைப் பார்த்தாள், அவன் ஏதாவது சொல்வான் என்று. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, “கேட்டுரு. ஊருப் பொல்லாப்பு நமக்கு வேண்டாம்” என்றான்.

ஏழு மாத வயிற்றோடு அவள் படியில் நின்றாள். முக்காடு காற்றில் நழுவிக்கொண்டே இருந்தது. “தெரியாமச் செஞ்சிட்டேன். ஊருப் பெரியவங்க மன்னிக்கணும்” என்றாள். குரல் நடுங்கவில்லை. உண்மையைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன் என்றுகூடத் தோன்றுகிறது. அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். அந்த நேரம் பார்த்து விரல் நோகும்படி இறுக்கினாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அம்மாவுக்குத் தெரிந்திருந்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆபீசர் போன அன்று சாயங்காலம் குடத்துத் துணி தான் கட்டிய மாதிரி இல்லாததைக் கண்டவள், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பவும் கட்டினாள். மகளைக் காப்பாற்ற மருமகளை வாசலில் நிறுத்திவிட்டாள். நான் ஒரு தாயாக ஆன பிறகும் அந்த இறுக்கத்தை மன்னிக்க முடியவில்லை. அந்தக் கையை உதறாத என்னையும் மன்னிக்க முடியவில்லை.

மதினி பேறுகாலத்துக்கு ஆத்தூர் போனாள். ஆண் குழந்தை. திரும்பி நம் ஊருக்கு வரவே இல்லை. ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அண்ணன் தோணியை விட்டான். அவனும் அங்கேயே போய்க் கொடிக்கால் வேலை பார்த்தான். நம் ஊருக்குப் பைப்பு வந்தபோது எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் பிறந்துவிட்டன.

அண்ணன் வீட்டுக்கு நான் அடிக்கடி போவேன். சண்டை சச்சரவு இல்லாத வீடு. ஒன்றை மட்டும் கவனித்திருக்கிறேன். அண்ணன் எங்கே உட்கார்ந்திருந்தாலும், தாகம் எடுத்தால் அவனே எழுந்து போய்ப் பானையில் மோந்து குடிப்பான். தோணியில் அவரவர் அளவுத் தண்ணீரை அவரவர்தான் மோந்துகொள்வார்கள், அந்தப் பழக்கம் விடவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அவன் போய் மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் நினைவுப் பூசைக்கு ஆத்தூர் போயிருந்தேன். எல்லோரும் போன பிறகு மதினியும் நானும் மட்டும் இருந்தோம். நீங்கள் மலருக்குக் கேட்டதைச் சொல்லப் போய், இடைகழியில் நின்றதிலிருந்து ஆபீசர் எழுதச் சொன்ன வரி வரைக்கும் சொல்லிவிட்டேன். அவள் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள். முடித்த பிறகும் ஐந்தாறு வெற்றிலை கிள்ளினாள்.

“அப்ப அவரு குடிச்சது நல்ல தண்ணியா?”

“ஆமா மதினி.”

“உங்க அண்ணனுக்குத் தெரியாதுல்லா?”

“தெரியாது.”

அவள் பானை இருந்த மூலையைப் பார்த்தாள். “கல்யாணமான புதுசுல எங் கையால வாங்கித்தான் குடிப்பாரு. கோயில் வாசல்ல நின்ன நாளைக்குப் பொறவு எங்கிட்டத் தண்ணி கேட்டதே இல்ல. தானே போயி மோந்துக்கிடுவாரு. ஒரு வார்த்த ஏசுனதில்ல, சொல்லிக் காட்டுனதில்ல. கடைசி அன்னைக்கும் நான்தான் தம்ளரை நீட்டுனேன். அதை வாங்காம மகன் கையால வாங்கிக்கிட்டாரு” என்றாள்.

என்னை அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

எனவே அமைவிடமும் வரலாறும் மேலே இருக்கின்றன, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கோயில் வாசலில் அவள் மன்னிப்புக் கேட்டதை நின்று பார்த்தவர்களில் நாம் ஒரு பதினைந்து பேராவது இன்னும் இருக்கிறோம். வசதிகள் என்ற தலைப்புக்குக் கீழே என் பங்குக்கு ஒரு வரி போடுங்கள். இப்போது நம் ஊரிலிருந்து ஆத்தூருக்குப் பஸ் இருக்கிறது. மதினி வீடு நிறுத்தத்துக்குப் பக்கத்தில்தான், நடக்க வேண்டியதில்லை.